மோவாப் பாலைவன ஊர்: பகலுக்கு மலை இருக்கு, ராத்திரிக்கு என்ன?

பாயான்_லெப்பாஸ்_தம்பி
வியாழன், இரவு 11.20

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கம்பெனியில என்னையும் இன்னும் ரெண்டு பேரையும் ஆறு வாரப் பயிற்சிக்கு சால்ட் லேக் சிட்டிக்கு அனுப்புறாங்க. அக்டோபர் ரெண்டாவது வாரத்துல சனி, ஞாயிறோட சேர்த்து நாலு நாள் லீவு. லாஸ் வேகாஸ் போகலாம்னு ஒருத்தன் சொல்றான். எனக்கு யூட்டா மாநிலத்துல இருக்கிற மோவாப் மேலதான் மனசு. அந்தச் சிவப்புக் கல் வளைவுகளைப் படத்துல பார்த்ததுல இருந்து ஆசை.

பகலுக்கு என்ன செய்யணும்னு ஓரளவு தெரியுது. ராத்திரிதான் கவலை. அஞ்சாயிரம் பேர் இருக்கிற ஊராம். நம்ம பினாங்குல ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினாலும் நாசி கண்டார் சோறு, தே தாரிக் டீ, நாலு கூட்டாளி கிடைப்பாங்க. அங்க எட்டு மணிக்கு ரூமுக்குள்ள போய் உட்கார்ந்துடணுமா? போய் வந்தவங்க சொல்லுங்க. மூணு பேருமே காடி ஓட்டுவோம். ஒருத்தன் புரட்டாசி விரதம், சுத்த சைவம்.

கொடிமலை_நடையர்
வெள்ளி, காலை 6.05

தம்பி, வேகாஸை இன்னொரு தடவைக்கு வெச்சுக்கங்க. நான் வேலை விஷயமா கொலராடோவில் மூணு வருசம் இருந்தேன், மோவாப்புக்கு நாலு தடவை போயிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து சுமார் 375 கிலோமீட்டர், நாலு மணி நேர ஓட்டம். சாலைக்கு வலப்பக்கம் ஓட்டணும், வேகம் மைல் கணக்கு, இருட்டினதும் மான் குறுக்கே வரும். ஊர் கடல்மட்டத்துக்கு மேல 1,200 மீட்டர். நம்ம பினாங்குக் கொடிமலை உச்சியே 833 மீட்டர்தான். அதனால பாலைவனம்னதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைச்சுக்காதீங்க. சிவப்புப் பாறை, நடுவுல கொலராடோ ஆறு, கிழக்கே லா சால் மலைத்தொடர். அதன் உச்சி 3,800 மீட்டருக்கு மேல. அக்டோபர்லயே அதன் தலையில பனி விழலாம்.

ஊர் எல்லையிலிருந்து வடக்கே எட்டு கிலோமீட்டர்ல ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. ரெண்டாயிரத்துக்கு மேல இயற்கை வளைவுகள். இது எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுகிட்டுப் போனா பார்க்கிற கண்ணே மாறிடும். முப்பது கோடி வருசத்துக்கு முன்னால அங்க கடல் வந்து வந்து வத்தி, கெட்டியான உப்புப் படுகை தங்கிடுச்சு. அதுமேல மணற்கல் ஏறி அழுத்த, உப்பு மாவு மாதிரி பிதுங்கி நகர்ந்து, மேலே இருந்த கல்லை வரிவரியா வெடிக்க வெச்சது. அந்த வெடிப்புகளுக்கு நடுவுல மெல்லிய சுவர்களா நின்ன பாறையை மழைத்தண்ணியும் உறைபனியும் அரிச்சு ஓட்டை போட்டதுதான் இந்த வளைவுகள். வேலை இன்னும் முடியலை. லேண்ட்ஸ்கேப் ஆர்ச் 88 மீட்டர் அகலம். 1991ல் அதன் அடியிலிருந்து பெரிய பலகை மாதிரி ஒரு கல் பெயர்ந்து விழுந்ததால, இப்ப அதுக்கு நேர் கீழே யாரையும் விடுறதில்லை. 2008 ஆகஸ்டுல வால் ஆர்ச்னு ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா இடிஞ்சே போச்சு.

ராத்திரிக்கு என்னன்னு கேட்டீங்க. ஆர்ச்சஸ் பூங்கா இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். உங்க ராத்திரி அங்கதான். 2019ல் அதுக்கு இருள்வானப் பூங்கா அங்கீகாரம் கொடுத்தாங்க, அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காத வானம்னு. பக்கத்துல இருக்கிற கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு 2015லேயே கிடைச்சிடுச்சு. பினாங்குப் பாலத்து விளக்கை மட்டும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த இருட்டு புதுசு. நான் முதல் தடவை பூங்காவுக்குள்ள பேலன்ஸ்டு ராக்ங்கிற பாறை பக்கத்துல காடியை நிறுத்தி விளக்கை அணைச்சப்ப, மேகம் மூடியிருக்குன்னு நினைச்சு வருத்தப்பட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அந்த மேகம்தான் பால்வீதி.

புரட்டாசி அமாவாசையை ஒட்டிப் போக முடிஞ்சா விட்டுடாதீங்க. வீட்டு நாள்காட்டியைப் புரட்டிப் பாருங்க.

சுங்கை_டுவா_அக்கா
வெள்ளி, காலை 9.48

நடையர் அண்ணன் தண்ணியைப் பத்திச் சொல்லலை, நான் சொல்றேன். நான் தாதி. என் வீட்டுக்காரருக்கு அங்க நடந்தது இது.

நாங்க போனது ஆகஸ்டு, 38 டிகிரி வெயில். ஆர்ச்சஸ் பூங்காவுல டெலிகேட் ஆர்ச்ங்கிற வளைவுக்குப் போற பாதை, போக வர ஐந்து கிலோமீட்டர்கூட முழுசா இல்லை. ஏற்றம் 150 மீட்டருக்குள்ள. தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுற எங்களுக்கு இது என்னன்னு அரை லிட்டர் போத்தல் ஆளுக்கு ஒண்ணு எடுத்துகிட்டு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பிட்டோம். வழியில நிழலே கிடையாது, வெறும் மொட்டைப் பாறை. பாதி ஏறினதும் அவர் உட்கார்ந்துட்டார். "எனக்கு வியர்க்கவே இல்லையே, பரவாயில்லை"ன்னார். கறுப்பு டீசட்டை போட்டிருந்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தா, கோலம் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா உப்பு. கையைத் தொட்டா நறநறன்னுச்சு.

நம்ம ஊர்ல வியர்வை உடம்புல ஒட்டி நிக்கும், சட்டை நனையும், உடனே தண்ணி குடிப்போம். அங்க காத்து காய்ஞ்சது. வியர்வை வந்த வேகத்துல ஆவியாப் போயிடுது. உடம்பு தண்ணியை இழக்குறது நமக்குத் தெரியவே தெரியாது. கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்தார். மேல இருந்து இறங்கி வந்த ஒரு வயசான அம்மா தன் பையிலிருந்து உப்புக்கரைசல் பொடி எடுத்துக் கொடுத்து, ஒரு பாறை மறைவுல உட்கார வெச்சாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எழுந்தார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். பூங்காக்காரங்க சொல்ற அளவே அதுதான். அக்டோபர்னாலும் குறைக்காதீங்க. வெறும் தண்ணி மட்டும் போதாது, உப்பும் கூட வேணும். மருந்துக்கடையில விக்கிற உப்புக்கரைசல் பொட்டலம் பத்து இங்கிருந்தே எடுத்துட்டுப் போங்க. உதட்டுக்கும் மூக்குத் துளைக்கும் தேங்காய் எண்ணெய். எனக்கு ரெண்டாம் நாளே மூக்குல ரத்தம் வந்துச்சு.

மாமாக்_கடை_மணி_ரெண்டு
வெள்ளி, இரவு 10.31

எல்லாரும் வானத்தைப் பத்தியே சொல்றீங்க. தம்பி கேட்டது மனுசங்களோட இருக்கிற ராத்திரி. நான் அதைச் சொல்றேன்.

மெயின் ஸ்ட்ரீட்தான் ஊரே. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்தே போயிடலாம். ரெண்டு மூணு பார், பீர் காய்ச்சுற உணவகம் ஒண்ணு. வெள்ளி, சனியில யாராவது கிதார் வாசிப்பாங்க. உள்ள போனா பாதிப் பேர் அன்னிக்குப் படகு ஓட்டின வழிகாட்டிங்க, மலையேறினவங்க, சைக்கிள்ல விழுந்து முழங்கை சிராய்ச்சவங்க. தெரியாதவங்க தானா வந்து பேசுவாங்க. எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் முப்பது வருசமா கொலராடோ ஆத்துல ரப்பர் படகு ஓட்டுறவர். தண்ணி எந்த நிறத்துல வந்தா மேல மழைன்னு அவர் விளக்கினதுல ரெண்டு மணி நேரம் போனதே தெரியலை. எந்தப் பெரிய ஊர் கிளப்பிலும் எனக்கு இப்படி ஒரு ராத்திரி கிடைச்சதில்லை.

யூட்டா சட்டத்தைத் தெரிஞ்சுகிட்டுப் போங்க. 21 வயசு, கையில பாஸ்போர்ட். உணவகத்துல உட்கார்ந்தா சாப்பாடும் சொன்னாத்தான் பானம் தருவாங்க. பார்ல அந்தக் கட்டாயம் இல்லை. ராத்திரி ஒரு மணியோட ஊத்துறதை நிறுத்திடுவாங்க. பேரங்காடியில 5 விழுக்காடு வரைக்கும் உள்ள பீர்தான் இருக்கும். அதுவும் 2019 நவம்பர்லேர்ந்துதான், அதுக்கு முன்னாடி இன்னும் லேசு. மத்ததெல்லாம் அரசாங்க மதுக்கடையில. ஞாயித்துக்கிழமை அது பூட்டு.

கொடிமலை_நடையர்
சனி, காலை 6.40

மணி அண்ணே சொல்றதை ஒத்துக்கிறேன், அந்தப் படகுக்காரங்க பேச்சு அருமையா இருக்கும். ஒண்ணு மட்டும். குடிச்சிட்டு காடி எடுக்கவே கூடாது. அமெரிக்காவுல முதன்முதலா ரத்தத்துல 0.05 விழுக்காடுன்னு வரம்பைக் குறைச்ச மாநிலம் யூட்டாதான், 2018 டிசம்பர் கடைசியிலிருந்து. நம்ம நாட்டுலயும் 2020ல் அதே அளவுக்கு இறக்கிட்டாங்க. பூங்காவுக்கு ராத்திரி பஸ் கிடையாது. அதனால ஊருக்கான ராத்திரி தனி, வானத்துக்கான ராத்திரி தனின்னு பிரிச்சு வெச்சுக்கங்க. மெயின் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போற தூரத்துல ரூம் எடுங்க.

பிறை_நாலு_சக்கரம்
சனி, மதியம் 1.15

நான் நாலு சக்கர ஓட்டக்காரன். மோவாப் எங்களுக்குப் புண்ணிய தலம் மாதிரி. 1967லேர்ந்து வருசா வருசம் ஈஸ்டர் சமயத்துல ஜீப் ஓட்டம் நடக்குது. ஊருக்குக் கிழக்கே சாண்ட் ஃப்ளாட்ஸ் மேட்டுல ஹெல்ஸ் ரிவெஞ்ச்னு ஒரு பாதை. செங்குத்தான மொட்டைப் பாறை மேல சக்கரம் கவ்விக்கிட்டு ஏறும்போது முன்கண்ணாடியில வானம் மட்டும்தான் தெரியும். அதே மேட்டுலதான் ஸ்லிக்ராக் சைக்கிள் பாதையும், பதினேழு கிலோமீட்டர். ஸ்லிக்ராக்னா வழுக்குப் பாறை. பழைய காலத்துல வந்தவங்க குதிரைகளோட இரும்பு லாடம் அதுல வழுக்கினதால வந்த பேரு. ரப்பருக்கு வழுக்காது, அரத்தாள் மாதிரி பிடிக்கும். முதல் தடவை போறவங்க தானா ஓட்ட வேணாம், வழிகாட்டி ஓட்டுற வண்டியில உட்காருங்க. சாயங்கால ஓட்டம் எடுத்தா மேட்டு மேலேயே சூரியன் மறையறதைப் பார்க்கலாம்.

சுங்கை_டுவா_அக்கா
சனி, மதியம் 2.02

தம்பி, அந்த வண்டிங்க சத்தம் அங்க குடியிருக்கிறவங்களுக்குப் பெரிய தொல்லைன்னு நாங்க தங்கின வீட்டு அம்மா சொன்னாங்க. பேரப்பிள்ளை தூங்க முடியலையாம். பொழைப்பும் இந்தக் கூட்டத்தாலதான், தொல்லையும் இந்தக் கூட்டத்தாலதான்னாங்க. எனக்கு நம்ம ஊர்ல சுற்றுலாக்காரங்க கூடுற ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் இருக்கிற என் பெரியம்மா ஞாபகம் வந்துச்சு.

பிறை_நாலு_சக்கரம்
சனி, மதியம் 2.37

சரிதான் அக்கா, மறுக்கலை. ஊருக்குள்ள மெதுவா போகணும், ராத்திரி வீதியில எஞ்சினை உறுமவிடக் கூடாது, பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட இறக்கக் கூடாது. எங்க குழுவுல இதை மீறினவரை அடுத்த ஓட்டத்துக்குச் சேர்க்கலை.

கொடிமலை_நடையர்
சனி, மதியம் 3.10

பாதையை விட்டு இறங்கக் கூடாதுங்கிறது நடக்கிறவங்களுக்கும்தான். அங்க மண்ணைக் குனிஞ்சு பாருங்க. கறுப்பா, பொரிஞ்ச அப்பளம் மாதிரி மேடு மேடா இருக்கும். அது உயிருள்ள தோல். நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடிச்சு, மழைத்தண்ணியை உள்ளே வாங்கி வெக்குது. ஒரு காலடி பட்டா நொறுங்கிடும். திரும்ப வளரப் பல பத்து வருசம் ஆகும். படம் எடுக்க ரெண்டு அடி தள்ளி நிக்கலாம்னு தோணும். பாறை மேல நில்லுங்க, இல்லைன்னா ஓடை மணல்ல நில்லுங்க.

தண்ணீர்மலை_ஆசிரியர்
ஞாயிறு, காலை 7.30

நான் அமெரிக்கா போனதில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக வானம் பார்க்கிறேன். அதனால் தம்பிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

நாம் பினாங்கில் நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை பாகை வடக்கே இருக்கிறோம். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்துக்கு மேலே அதே ஐந்தரை பாகை உயரத்தில்தான் நிற்கும். கடல் ஆவியிலும் நகர வெளிச்சத்திலும் அது தெரியாது. துருவன் கதையைப் பள்ளியில் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்தேன், துருவ நட்சத்திரத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. மோவாப்பில் அது முப்பத்தெட்டரை பாகை உயரத்தில், அசையாமல் நிற்கும்.

இன்னொன்று. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். நம் ஊரில் அக்டோபர் மாலையில் அருந்ததி அடிவானத்துக்குக் கீழே போய்விடுவாள். ஐயர் காட்டுகிற திசையில் எல்லோரும் தலையாட்டிவிட்டு வருகிறோம். மோவாப் அவ்வளவு வடக்கே இருப்பதால் அங்கே அருந்ததி மறைவதே இல்லை. ஆண்டு முழுவதும், இரவு முழுவதும் வடக்கே எங்காவது இருப்பாள். இருட்டியதும் வடமேற்கில் சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். அகப்பையின் காம்பில் முனையிலிருந்து இரண்டாவது வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான்.

கைபேசியைப் பார்க்காதீர்கள். கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், ஒரு முறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்கு என்றால் அந்தப் பழக்கம் கெடாது.

பாயான்_லெப்பாஸ்_தம்பி
ஞாயிறு, காலை 10.12

சார், எனக்குத் தை மாசம் கல்யாணம். கட்டாயம் தேடுறேன்.

ஜெலுத்தோங்_செல்வி
ஞாயிறு, இரவு 9.00

பெண்கள் தனியா போகலாமா? யாராவது போயிருக்கீங்களா?

சுங்கை_டுவா_அக்கா
ஞாயிறு, இரவு 9.26

போகலாம்மா. பாதையில தனியா வந்த பெண்கள் நிறையப் பேரைப் பார்த்தேன். பூங்காவுக்குள்ள பல இடத்துல கைபேசி சிக்னல் இல்லை. எங்க போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு ரூம் வரவேற்பறையில எழுதிக் கொடுத்துட்டுப் போ. ஆர்ச்சஸுக்கு 2022லேர்ந்து சில பருவத்துல நேரச் சீட்டு பதிவு செய்யச் சொன்னாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி பூங்கா தளத்தைப் பார்த்துக்கோ.

பாயான்_லெப்பாஸ்_தம்பி
ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 8.15

திரும்பி வந்துட்டேன். எல்லாருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுறேன்.

மூணு ராத்திரி தங்கினோம். முதல் ராத்திரி மணி அண்ணன் சொன்ன மாதிரி மெயின் ஸ்ட்ரீட். ஒரு பொண்ணு பிடில் வாசிச்சாங்க. விரதக்காரன் எலுமிச்சைத் தண்ணி குடிச்சான். பீன்ஸ் பொதிஞ்ச ரொட்டிதான் நாலு நாளும் அவனுக்குச் சாப்பாடு. பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு போட்டிருக்கான்னு ஒவ்வொரு கடையிலயும் கேட்டுக்கிட்டான். முகம் சுளிக்காம உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடி கேன்யன்லேண்ட்ஸ், மேசா ஆர்ச். சூரியன் எழுந்ததும் வளைவோட அடிப்பக்கம் தணல் மாதிரி சிவந்துச்சு. நிக்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் அந்த ஒரு நிமிசம் யாரும் பேசலை. மத்தியானம் ரெண்டு பேரும் தூங்கினாங்க. நான் ஆத்தங்கரையில உட்கார்ந்திருந்தேன்.

அன்னிக்குச் சாயங்காலம் டெலிகேட் ஆர்ச். ஆளுக்கு மூணு லிட்டர் தூக்கிட்டுப் போனோம். அக்கா, முழுசும் காலி. கடைசித் திருப்பத்துல பாறை ஓரமா ஒரு விளிம்புல நடக்கணும், வளைவு எதுவும் கண்ணுல படாது. திரும்பினதும் திடீர்னு எதிர்ல நிக்குது, பின்னால லா சால் மலையில மெல்லிசா பனி. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால சூரியன் மறைஞ்சப்ப உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கை தட்டினாங்க. அப்புறம் எல்லாரும் எழுந்து இறங்கிட்டாங்க. நாங்க மூணு பேரும் இன்னும் நாலைஞ்சு பேரும் மட்டும் இருந்தோம்.

தலைவிளக்கை அணைச்சுட்டுப் பாறையில மல்லாந்து படுத்தோம். பகல் சூடு கல்லுல இருந்ததால முதுகுக்கு இதமா இருந்துச்சு, முகத்துல குளிர் அடிச்சுது. பத்து நிமிசம் ஒண்ணும் இல்லை. அரை மணி ஆனப்ப வடகிழக்குலேர்ந்து தலைக்கு மேலால தென்மேற்கு வரைக்கும் பால்வீதி. என் சீனக் கூட்டாளி, எப்பவும் பேசிக்கிட்டே இருக்கிறவன், அவன் வாயைத் திறக்கலை.

சார், துருவ நட்சத்திரத்தைப் பார்த்தேன். இவ்வளவு மங்கலா இருக்கும்னு நினைக்கலை. முதல்ல அதுதானான்னே சந்தேகம். பக்கத்துப் பாறை முனையை அடையாளம் வெச்சு ஒரு மணி நேரம் பார்த்தோம். மத்ததெல்லாம் நகர்ந்துச்சு, அது நகரலை. அருந்ததியையும் பார்த்தேன். நேரா பார்த்தா மறைஞ்சிடுச்சு, கொஞ்சம் தள்ளிப் பார்த்தப்பதான் ரெண்டு புள்ளியாப் பிரிஞ்சுது. அங்க சிக்னல் இல்லை. ரூமுக்கு வந்து நான் கட்டிக்கப்போறவங்களுக்கு போன் பண்ணிச் சொன்னேன். இங்க அப்ப மத்தியானம், வேலையில இருந்தாங்க.

இறங்கும்போது ஒரு இடத்துல வழி தவறிட்டோம். பாறை மேல பாதைன்னு ஒண்ணும் இல்லை, அங்கங்க அடுக்கி வெச்ச கற்குவியல்தான் அடையாளம். வெளிச்சத்துல சுலபமா இருந்தது இருட்டுல கண்ணுக்கே படலை. ஒருத்தன் கடைசியா பார்த்த குவியல்கிட்டயே நின்னான், ரெண்டு பேர் அடுத்ததைத் தேடினோம். அப்படியே ஒவ்வொண்ணா கீழே வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ராத்திரி நடக்கிறவங்க ஏறும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்து வெச்சுக்கங்க.

அக்கா சொன்ன தேங்காய் எண்ணெயைக் காடியிலேயே விட்டுட்டேன். காலையில போத்தல்ல வெள்ளை மெழுகு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு. ஊர்ல அதை இப்படிப் பார்த்ததே இல்லை. விரலால சுரண்டி உள்ளங்கையில தேய்ச்சுத்தான் உதட்டுல பூசினோம்.

தண்ணீர்மலை_ஆசிரியர்
சனி, இரவு 9.03

நகரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன் தம்பி. பாறை முனையை அடையாளம் வைத்துப் பார்த்தது சரியான முறை.

ஜெலுத்தோங்_செல்வி
சனி, இரவு 9.40

நான் மார்ச்ல போறேன் அண்ணா, டிக்கெட் போட்டாச்சு. தலைவிளக்கு அங்கேயே வாங்கினீங்களா?

பாயான்_லெப்பாஸ்_தம்பி
சனி, இரவு 9.52

சால்ட் லேக் சிட்டியில வாங்கினோம். சிவப்பு வெளிச்சமும் வெள்ளை வெளிச்சமும் மாத்தற மாதிரி. மூணுல ரெண்டு சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோங்க. பேட்டரி மட்டும் புதுசா போட்டுக்கணும். உப்புக்கரைசல் பொட்டலமும் நாலு மீதி இருக்கு.